வெர்ஷனிங், ரெப்ளிகேஷன், ஆப்ஜெக்ட் லாக்: எதை முதலில் போடுவது?

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது கோப்புகளை ஆப்ஜெக்ட்டுகளாக வைக்கும் கிளவுட் சேமிப்பில், முக்கியமான டேட்டா வைத்திருப்பவர்களிடம் அதற்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "இன்னொரு ரீஜனுக்கு ரெப்ளிகேட் ஆகிறது" (வேறொரு புவிப்பகுதியில் உள்ள டேட்டா சென்டர்களுக்குத் தானாக நகலாகிறது) என்பதுதான். அந்த ஒன்றை மட்டும் நம்பி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ரெப்ளிகேஷன் காப்பது ஒரு வகை இழப்பிலிருந்து. டேட்டா தொலைவதோ பெரும்பாலும் வேறு வழியில். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் வெர்ஷனிங் (மாற்றி எழுதினாலும் அழித்தாலும் பழைய பதிப்பை வைத்திருக்கும் வசதி), அதோடு சேர்த்தே பழைய வெர்ஷன்களைத் தானாகக் கழிக்கும் லைஃப்சைக்கிள் விதி. அடுத்து, வேறொரு அக்கவுண்டில் ஆப்ஜெக்ட் லாக் கொண்டு, அதாவது குறித்த காலம்வரை அழிக்க முடியாதபடி, பூட்டி வைத்த நகல். ரீஜன் தாண்டிய ரெப்ளிகேஷன் அதற்கும் அப்புறம்தான், அதுவும் தேவை இருந்தால்.

எந்த இழப்புக்கு எது?

டிஸ்க் பழுதாவதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அமேசானின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சேவையான எஸ்3-இன் ஸ்டாண்டர்டு வகுப்பு ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் ஒரே ரீஜனுக்குள் குறைந்தது மூன்று அவெய்லபிலிட்டி ஜோன்களில் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகளில்) பரப்பி வைக்கிறது. ஒரு ஆப்ஜெக்ட் ஓர் ஆண்டில் தொலையாமல் இருக்க அவர்கள் சொல்லும் 99.999999999 சதவீத வாய்ப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 1 கோடி ஆப்ஜெக்ட் வைத்திருப்பவர் சராசரியாக 10,000 ஆண்டுகளுக்கு ஒன்றை இழக்கலாம். கூகுள் கிளவுட் ஸ்டோரேஜும் இதே பதினொரு ஒன்பதுகளைத்தான் சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் அஸூரில் மிகச் சாதாரணமான உள்ளூர் நகலுக்கே இந்த எண். வேறு ரீஜனிலும் வைக்கும் ஜியோ நகலுக்குப் பதினாறு ஒன்பது. ஆனால் இவை எல்லாமே ஹார்டுவேர் கெடுவதைப் பற்றிய எண்கள். சரியான அனுமதியோடு வந்த ஒரு டிலீட் கட்டளை இந்தக் கணக்கில் வரவே வராது.

அடுத்தது, கட்டடமே போய்விடுவது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் எரிந்து போனது. பக்கத்திலிருந்த எஸ்பிஜி1-இலும் ஒரு பகுதி சேதமானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு மீட்க எதுவும் மிஞ்சவில்லை. 2017 பிப்ரவரி 28 வேறு மாதிரியான நாள். எஸ்3-இன் வடக்கு வெர்ஜீனியா ரீஜனில் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்தபோது தவறாகத் தட்டிய ஒரு கட்டளை, வேண்டியதைவிட அதிக சர்வர்களை விலக்கிவிட்டது. சில மணி நேரம் சேவையே நின்றது. அன்று டேட்டா தொலையவில்லை, கைக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத இடத்தில் செலவு செய்கிறார்கள். சில மணி நேரம் டேட்டா கிடைக்காவிட்டால் உங்கள் சேவை தாங்காது என்றால் இரண்டாவது ரீஜன் வேண்டும். தாங்கும் என்றால் அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

மூன்றாவது, நம் சொந்தக் கை. நல்ல கோப்பின் மேல் பூஜ்ய பைட் கோப்பை எழுதிவிட்டு "வெற்றி" என்று லாகில் பதியும் எக்ஸ்போர்ட் வேலை. சோதனைப் பக்கெட் (ஆப்ஜெக்ட்டுகளை வைக்கும் கொள்கலன்) என்று நினைத்து உண்மையான பக்கெட்டில் ஓடிய சுத்தப்படுத்தும் ஸ்கிரிப்ட். பிரிஃபிக்ஸை (எந்தப் பெயர்களுக்கு விதி பொருந்தும் என்று சொல்லும் முன்னொட்டை) காலியாக விட்டதால் மொத்தப் பக்கெட்டுக்கும் பொருந்திப்போன லைஃப்சைக்கிள் விதி. நான் பார்த்த இழப்புகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நான்காவது, நம் அக்கவுண்டுக்குள் நுழையும் அனுமதிச் சாவி வேறொருவர் கையில் சிக்குவது. ஐந்தாவது, அக்கவுண்டே இல்லாமல் போவது. இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்கள் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். கூகுள் கிளவுடில் இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள். அமைப்பில் நேர்ந்த பிழையால் அவர்களுடைய பிரைவேட் கிளவுட் சந்தா நீக்கப்பட்டபோது இரண்டு இடத்திலும் சேர்ந்தே போனது. மீண்டு வரக் கைகொடுத்தவற்றில் ஒன்று, வேறொரு சேவை நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்.

ரீஜன் தாண்டிய ரெப்ளிகேஷன் நேராகக் காப்பது இந்த ஐந்தில் இரண்டாவதிலிருந்து மட்டும்.

வெர்ஷனிங்

எஸ்3-இல் இது 2010 முதல் இருக்கிறது. வெர்ஷனிங் போட்ட பக்கெட்டில் அறிக்கை.சிஎஸ்வி என்று ஒரு ஆப்ஜெக்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுதினால் பழையது அழியாது. தன் வெர்ஷன் ஐடியோடு பின்வரிசைக்குப் போய்விடும். வெர்ஷன் ஐடி சொல்லாமல் டிலீட் செய்தாலும் எதுவும் அழியாது. டிலீட் மார்க்கர் என்ற வெற்று வெர்ஷன் ஒன்று மேலே வந்து உட்காரும், அவ்வளவுதான். சாதாரணப் பட்டியலில் கோப்பு தெரியாது, கேட்டால் 404 வரும். வெர்ஷன்களைப் பட்டியலிட்டால் மேலே மார்க்கர், அதன் கீழே நல்ல கோப்பு இரண்டும் தெரியும். மார்க்கரை அதன் ஐடியைச் சொல்லி நீக்கினால் அறிக்கை.சிஎஸ்வி பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு கோப்பு என்றால் ஒரு நிமிட வேலை.

இதன் விலை இடம். எஸ்3 வெர்ஷன்களுக்கிடையிலான வித்தியாசத்தை மட்டும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு வெர்ஷனும் முழு ஆப்ஜெக்ட். 2 ஜிபி டேட்டாபேஸ் டம்ப்பை மணிக்கு ஒருமுறை அதே பெயரில் எழுதினால் ஒரு நாளைக்கு 48 ஜிபி, 30 நாளில் 1,440 ஜிபி. பக்கெட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே ஒரு 2 ஜிபி கோப்புதான் தெரியும். பில் வரும்போதுதான் மற்றது தெரியும். அதனால்தான் வெர்ஷனிங்கையும் லைஃப்சைக்கிள் விதியையும் ஒரே நாளில், ஒரே மாற்றத்தில் போடச் சொல்கிறேன்.

அந்த விதியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "பழைய வெர்ஷன்களை 30 நாளில் அழி" என்றால் அந்த 30 நாள், வெர்ஷன் எழுதப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அதன் மேல் அடுத்தது எழுதப்பட்டு அது பழையதான நாளிலிருந்துதான் எண்ணப்படும். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய கோப்பை இன்று யாரோ மாற்றி எழுதினால், இன்றிலிருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது. இது நமக்குச் சாதகமான ஏற்பாடு. நாள் கணக்கோடு, கடைசி சில வெர்ஷன்களை எப்போதும் வைத்திரு என்றும் சொல்லலாம். 100 வரை எண்ணிக்கை கொடுக்கலாம். அடியில் வேறு வெர்ஷன் இல்லாமல் தனியாக நிற்கும் டிலீட் மார்க்கர்களையும், பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளையும் (பெரிய கோப்பைத் துண்டுகளாக ஏற்றுபவை) கழிக்கும் விதிகளை அப்போதே சேர்த்துவிடுங்கள்.

வெர்ஷனிங்கை ஒருமுறை போட்டால் முழுதாகத் திரும்ப முடியாது; நிறுத்தி வைக்க மட்டும்தான் முடியும். நிறுத்தி வைத்த பக்கெட்டில் ஏற்கெனவே உள்ள வெர்ஷன்கள் அப்படியே இருக்கும், பில்லும் தொடரும். புதிதாக எழுதுபவை மட்டும் "null" என்ற ஐடியோடு ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்படும். செலவைக் குறைக்க என்று நிறுத்துபவர்களுக்குப் பாதுகாப்பும் போய், செலவும் குறையாமல் போவது இதனால்தான்.

ஒரு கோப்பை மீட்பது எளிது என்றேன். மூன்று லட்சம் கோப்புகளை மீட்பது வேறு கதை. காலை 10.40-க்கு ஒரு ஸ்கிரிப்ட் பக்கெட் முழுவதையும் கெடுத்துவிட்டது என்றால், "10.39-க்குத் திருப்பு" என்று சொல்ல எஸ்3 பக்கெட்டில் பட்டன் கிடையாது. எல்லா வெர்ஷன்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் 10.40-க்கு முந்தைய வெர்ஷன்களில் மிகப் புதியதைக் கண்டுபிடித்து, அதை அதே பெயரின் மேல் காப்பி செய்ய வேண்டும். அப்படி முந்தைய வெர்ஷனே இல்லாதவை ஸ்கிரிப்ட் புதிதாக உருவாக்கிய குப்பை. அவற்றுக்கு டிலீட் மார்க்கர் போட வேண்டும். 10.40-க்கு முன்பே அழிந்திருந்தவற்றை உயிர்ப்பித்துவிடாமலும் பார்க்க வேண்டும். 5 ஜிபிக்கு மேற்பட்டவற்றை ஒரே காப்பிக் கட்டளையில் நகலெடுக்க முடியாது, மல்டிபார்ட் காப்பி தேவை. இன்னொன்று: மல்டிபார்ட்டில் ஏறிய ஆப்ஜெக்ட்டின் தேதி, அப்லோடு தொடங்கிய நேரம்தான், முடிந்த நேரம் அல்ல. 10.35-க்குத் தொடங்கி 10.50-க்கு முடிந்த கெட்ட கோப்பு உங்கள் கணக்கில் நல்ல கோப்பாகத் தெரியும். இந்த ஸ்கிரிப்ட்டை விபத்து நடந்த அன்று எழுதக் கூடாது. இன்றே எழுதி ஒரு சின்னப் பக்கெட்டில் ஓட்டிப் பாருங்கள். அல்லது அமேசானின் ஏடபிள்யூஎஸ் பேக்கப் சேவையை எடுத்துக்கொண்டால் கடந்த 35 நாள் வரை விரும்பிய நேரத்துக்குத் திருப்பலாம். அதற்கும் பக்கெட்டில் வெர்ஷனிங் இருந்தாக வேண்டும். அஸூரில் பிளாக் பிளாப்களுக்கு (சாதாரணக் கோப்புகளை வைக்கும் ஆப்ஜெக்ட் வகை) இப்படித் திருப்பும் வசதி சேவையிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் அஸூர் ஒரு படி முன்னால்.

கூகுளிலும் அஸூரிலும் வெர்ஷனிங்கின் அடிப்படை இதேதான், ஆனால் டிலீட் மார்க்கர் என்ற ஒன்று இல்லை. அழித்தால் நடப்பு வெர்ஷன் நேராகப் பழையதாகிவிடும். அதோடு இரண்டிலும், அழித்ததைக் குறித்த நாள்வரை மீட்கும்படி வைத்திருக்கும் சாஃப்ட் டிலீட் என்ற எளிய மாற்று இருக்கிறது. கூகுளில் 2024 முதல் இது புதிய பக்கெட்டுகளுக்கு இயல்பாகவே 7 நாளுக்குப் போடப்பட்டு வருகிறது, 90 நாள் வரை நீட்டலாம். அஸூரில் 1 முதல் 365 நாள். எழுதிய கோப்பை அரிதாகவே மாற்றும் பக்கெட்டுக்கு, படங்கள், ரசீதுகள், பதிவு செய்த அழைப்புகள் போன்றவற்றுக்கு, கூகுளின் சாஃப்ட் டிலீட் மட்டுமே போதும் என்பது என் கருத்து. அங்கே ஒருமுறை அழிந்து ஒதுங்கிய ஆப்ஜெக்ட்டை அவகாசம் முடியும்வரை நாமே நினைத்தாலும் நிரந்தரமாக அழிக்க முடியாது. வெர்ஷனிங்கில் இந்தப் பலம் கிடையாது. அனுமதி உள்ளவர் வெர்ஷன் ஐடியைச் சொல்லி அழித்தால் அந்த நொடியே போய்விடும். ஆனால் அடிக்கடி மாறும் கோப்புகளுக்கு, மாதக் கணக்கில் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியவற்றுக்கு, வெர்ஷனிங்தான்.

ரெப்ளிகேஷன் செய்வதும் செய்யாததும்

எஸ்3-இல் ரீஜன் தாண்டிய ரெப்ளிகேஷன் 2015-லும், ஒரே ரீஜனுக்குள் ரெப்ளிகேஷன் 2019-லும் வந்தன. இரண்டுக்குமே மூலப் பக்கெட், இலக்குப் பக்கெட் இரண்டிலும் வெர்ஷனிங் இருந்தாக வேண்டும். ஆக, "ரெப்ளிகேஷனா வெர்ஷனிங்கா" என்ற கேள்விக்கு எஸ்3-ஐப் பொறுத்தவரை பாதி விடை சேவையே கொடுத்துவிடுகிறது. அஸூரின் ஆப்ஜெக்ட் ரெப்ளிகேஷனும் இரு பக்கமும் வெர்ஷனிங் கேட்கும், மூலத்தில் சேஞ்ச் ஃபீடும் (மாற்றங்களின் பதிவு) கேட்கும்.

கெட்ட கோப்பை எழுதினால் அதுவும் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அங்கே நல்ல கோப்பைக் காப்பாற்றுவது இலக்கில் உள்ள வெர்ஷனிங்தான், ரெப்ளிகேஷன் அல்ல. அழிப்பதில் நுணுக்கம் இருக்கிறது. டிலீட் மார்க்கர் அந்தப் பக்கம் போக வேண்டுமா என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். வெர்ஷன் ஐடி சொல்லி நிரந்தரமாக அழிப்பதோ ஒருபோதும் நகலுக்குப் போகாது. மூலத்தில் ஒருவர் வேண்டுமென்றே வெர்ஷன்களை எல்லாம் அழித்தாலும் இலக்கில் அவை இருக்கும். எஸ்3 ரெப்ளிகேஷனில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். என் தேர்வில் டிலீட் மார்க்கரையும் அனுப்புவதில்லை. அந்தப் பக்கத்து நகலை ஒரு சேவை நேரடியாகப் படிக்கிறது என்றால் மட்டும் அனுப்ப வேண்டியிருக்கும், இல்லையென்றால் அழிந்த கோப்பு அங்கே உயிரோடு தெரியும்.

லைஃப்சைக்கிள் விதியின் செயல்கள் நகலுக்குப் போவதில்லை. மூலத்தில் பழைய வெர்ஷன்கள் 30 நாளில் கழிந்துகொண்டிருக்க, இலக்கில் விதி இல்லையென்றால் அவை குவிந்துகொண்டே இருக்கும். கேஎம்எஸ் (குறியாக்கச் சாவிகளைப் பராமரிக்கும் சேவை) சாவியால் குறியாக்கம் செய்தவற்றைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும், இலக்கு ரீஜனின் சாவியையும் குறிப்பிட வேண்டும். இதை விட்டால் ரெப்ளிகேஷன் விதி பச்சையாக இருக்கும், அந்த ஆப்ஜெக்ட்டுகள் மட்டும் சத்தமில்லாமல் போகாது.

வேகம் பற்றி. இது பின்னணியில் நடக்கும் வேலை. நீங்கள் எழுதி முடித்து "சரி" என்று பதில் வந்த நொடியில் நகல் இருக்காது. ரெப்ளிகேஷன் டைம் கண்ட்ரோல் என்ற கூடுதல் வசதிக்குப் பணம் கொடுத்தால், 15 நிமிடத்துக்குள் 99.99 சதவீத ஆப்ஜெக்ட்டுகள் போய்ச் சேரும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கட்டணப் பரிவர்த்தனைப் பதிவு போன்றவற்றுக்கு அது தகும். மற்றவற்றுக்குச் சாதாரண வேகமே போதும்.

சேவைக்குள்ளேயே வரும் ஜியோ நகல்

கூகுளின் டூயல் ரீஜன் பக்கெட்டும் அஸூரின் ஜிஆர்எஸ்ஸும் (இரண்டு ரீஜனில் சேவையே நகல் வைக்கும் ஏற்பாடுகள்) இன்னொரு ரகம். அமைப்பது மிக எளிது: ஒரு தேர்வு, விதி எழுத வேண்டாம், ரோல் (நகலெடுக்கும் வேலைக்குத் தரும் அனுமதித் தொகுப்பு) கொடுக்க வேண்டாம். கூகுளில் ஒரே பக்கெட் பெயர் இரண்டு ரீஜனுக்கும் செல்லும். ஒன்று விழுந்தால் மற்றது தானாகவே பதில் சொல்லும். டர்போ ரெப்ளிகேஷன் போட்டால் 15 நிமிடத்துக்குள் நகலாக்குவது நோக்கம். அஸூர் ஜிஆர்எஸ்ஸில் இரண்டாவது நகலைச் சாதாரணமாகப் படிக்கக்கூட முடியாது, அதற்கு ஆர்ஏ-ஜிஆர்எஸ் எடுக்க வேண்டும்.

சேவை நிற்காமல் ஓட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், இதைத்தான் பரிந்துரைப்பேன். கையால் கட்டிய ரெப்ளிகேஷனில் ரீஜன் விழும்போது அப்ளிகேஷனை வேறு பக்கெட் பெயருக்குத் திருப்புவது யார், எப்படி என்ற கேள்வி நிற்கும்; டூயல் ரீஜனில் அது இல்லை. ஆனால் இது ஒரே பக்கெட். அழித்தால் இரண்டு ரீஜனிலும் அழிந்தது. இதை பேக்கப் என்று யாராவது ஆவணத்தில் எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பூட்டும், வேறு அக்கவுண்டும்

2025 ஜனவரியில் வெளியான ஒரு பாதுகாப்பு அறிக்கை, திருடிய சாவிகளைக் கொண்டு எஸ்3 ஆப்ஜெக்ட்டுகளைத் தாக்கியவர்களின் முறையை விவரித்தது. வாடிக்கையாளர் தரும் சாவியால் குறியாக்கம் செய்யும் வசதியைப் பயன்படுத்தித் தங்கள் சாவியால் ஆப்ஜெக்ட்டுகளை மாற்றி எழுதினார்கள். பிறகு 7 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியைப் போட்டு, பணம் கேட்டார்கள். வெர்ஷனிங் இருந்தால் பழைய வெர்ஷன் மிஞ்சும், ஆனால் திருடிய அனுமதிச் சாவிக்கு வெர்ஷன்களை அழிக்கவும் லைஃப்சைக்கிளை மாற்றவும் அனுமதி இருந்தால் அதுவும் மிஞ்சாது. வீட்டு சாவி திருடன் கையில் இருக்கும்போது அதே வீட்டு அலமாரியில் இரண்டாவது நகல் வைப்பதில் பயன் இல்லை.

2018-இல் வந்த ஆப்ஜெக்ட் லாக் இதற்குத்தான். கவர்னன்ஸ் முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில், குறித்த நாள் வரும்வரை அந்த வெர்ஷனை அக்கவுண்டின் உச்ச அதிகாரம் கொண்ட ரூட் பயனர்கூட அழிக்க முடியாது, காலத்தைக் குறைக்கவும் முடியாது. இதிலே கை வைக்கும் முன் காலத்தை இருமுறை சரிபாருங்கள்: 30 நாள் என்று நினைத்து 30 ஆண்டு கொடுத்தால், அக்கவுண்டையே மூடுவதைத் தவிர அந்த டேட்டாவை நீக்க வழியில்லை. தனிநபர் தகவலை அழிக்கச் சொல்லிச் சட்டப்படி கேட்டு வந்தாலும் அதே நிலைதான். அதனால் பலருக்கும் முதலில் சில வாரம் கவர்னன்ஸ், கணக்கு சரி என்று தெரிந்தபின் குறுகிய காலத்துக்குக் கம்ப்ளையன்ஸ் என்று போவதே நல்லது. பூட்டுக் காலம், நீங்கள் ஒரு பாதிப்பைக் கண்டுபிடிக்க எடுக்கும் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறைதான் அறிக்கை பார்ப்பீர்கள் என்றால் 7 நாள் பூட்டு போதாது.

இந்தப் பூட்டிய பக்கெட்டை வேறு அக்கவுண்டில் வையுங்கள். ஒரே ரீஜனில் இருந்தாலும் பரவாயில்லை. ரீஜன் கடக்கும் டேட்டாவுக்கு ஜிபி கணக்கில் கட்டணம் உண்டு, ஒரே ரீஜனுக்குள் அது இல்லை. அன்றாட வேலை பார்க்கும் யாருக்கும் அந்த அக்கவுண்டில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. ரெப்ளிகேஷன் ரோல் மட்டும் எழுதட்டும். நகலின் உரிமையாளராக இலக்கு அக்கவுண்டை மாற்றும் அமைப்பையும் மறக்காமல் போடுங்கள். இரண்டாவது ரீஜனா, இரண்டாவது அக்கவுண்டா என்று ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் அக்கவுண்டைத் தேர்ந்தெடுப்பேன். பணம் இரண்டுக்கும் இருந்தால் இரண்டாவது அக்கவுண்டை இரண்டாவது ரீஜனில் வைத்துவிடலாம், ஒரே நகலில் இரண்டும் தீரும்.

போனால் நிறுவனமே நின்றுவிடும் என்ற அளவுக்கு முக்கியமான டேட்டாவுக்கு மட்டும், வேறொரு சேவை நிறுவனத்திலும் ஒரு நகல். இதை எல்லா டேட்டாவுக்கும் செய்யத் தேவையில்லை. செய்தால் வெளியே அனுப்பும் கட்டணமே பெரிதாகிவிடும். ஆர்குளோன் (rclone) போன்ற நகலெடுக்கும் கருவியால் இரவில் ஒருமுறை அனுப்பினால் போதும். ஆனால் அதன் சிங்க் கட்டளை, மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழிக்கும். காப்பி கட்டளை அழிக்காது. இந்த வேலைக்குக் காப்பிதான். இலக்குச் சேவையில் வெர்ஷனிங்கும் பூட்டும் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஸ்3-க்கு இணக்கமானது என்று சொல்லும் எல்லாச் சேவைகளும் இவற்றைத் தருவதில்லை.

ஏற்கெனவே உள்ள பக்கெட்டில் இதையெல்லாம் தொடங்குபவர்களுக்கு

எஸ்3-இல் வெர்ஷனிங்கை முதல் முறையாகப் போட்டால், 15 நிமிடம் பொறுத்தபின் எழுதவும் அழிக்கவும் தொடங்கச் சொல்கிறார்கள். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ அந்த அவகாசம். ரெப்ளிகேஷன் விதி, போட்ட பிறகு வரும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஐந்து வருடமாகச் சேர்ந்த டேட்டா அப்படியே நகல் இல்லாமல் நிற்கும், விதி மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும். பழையவற்றை அனுப்ப 2022-இல் வந்த பேட்ச் ரெப்ளிகேஷனைத் தனியாக ஓட்ட வேண்டும். முன்பு தோல்வியடைந்தவற்றை மறுபடி அனுப்பவும் அதுவே வழி. ஓடி முடிந்ததும் இரு பக்கத்துக்கும் இன்வென்டரி அறிக்கை (பக்கெட்டில் உள்ளவற்றின் பட்டியல்) எடுத்து, பெயர், வெர்ஷன் ஐடி இரண்டையும் ஒப்பிடுங்கள். எஸ்3 ரெப்ளிகேஷனில் நகலுக்கும் மூலத்தின் வெர்ஷன் ஐடியே இருக்கும் என்பதால் ஒப்பீடு நேரடியானது. ரெப்ளிகேஷன் நிலை தோல்வி என்று இருக்கும் ஆப்ஜெக்ட்டுகளில் நான்கைந்தை எடுத்துப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்: பெரும்பாலும் கேஎம்எஸ் அனுமதி, அல்லது இலக்குப் பக்கெட்டின் அனுமதிப் பாலிசி.